காகிதம் பிரிக்காத மிட்டாய்

அம்மணி,

நாற்பது நிமிஷம் பஸ் ஏறினால் நேரிலேயே சொல்லிவிடலாம், இதற்குப் போய் அப்பா கடிதம் எழுதுகிறாரே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் வந்தால் நான் பந்தல்காரரைப் பற்றியும் சமையல்காரரைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்பது உனக்கே தெரியும். இந்த விஷயம் என் வாயில் வராது. இருபது வருஷத்துக்கு மேலாக வரவில்லை. போன வாரம் உன் நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் ஒரு நிமிஷம் சிரித்தார்களே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா எனக்குச் சுகர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேளைக்கு ஒரு கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள். நானும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டோக்காரர்தான் ஆரம்பித்தார். "மாப்ளைக்கு ஒரு லட்டு ஊட்டி உடுங்க மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்க" என்றார். மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தயாராக நின்றார். நீ தட்டில் கை வைக்கவில்லை. பக்கத்தில் கிடந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்து, அதற்குள் லட்டைப் பிடித்து, உன் விரல் அதில் எங்கும் படாமல் அவர் வாயில் வைத்தாய். மாப்பிள்ளையின் அத்தை, "லேப்புல வேல செய்யற புள்ளையல்லங்க, சுத்தம் பாக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அது லேபில் வந்த பழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஞாபகம் இல்லாமல் இருந்தால் தேவலை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன், இன்று அதை நானே எடுத்து எழுதுகிறேன்.

நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் நான் ஜெர்மனி போய்வந்தேன். அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே உங்கள் காதைப் புண்ணாக்கிவிட்டேன், ஆனால் மில் என்னை ஏன் அனுப்பியது என்று மட்டும் சொன்னதில்லை. நூல் சுற்றுகிற மெஷின் இரண்டு அங்கிருந்து வாங்கியிருந்தார்கள். ஆறு வாரம் பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும். படித்த இஞ்சினியரை அனுப்பினால் திரும்பி வந்து கூடுதல் சம்பளத்துக்கு வேறு மில்லுக்கு ஓடிவிடுவான், இந்த ஃபிட்டர் எங்கே போகப்போகிறான் என்று மேனேஜர் சொன்னாராம். ஆக, எங்கேயும் போகமாட்டான் என்பதற்காகவே ஏழு கடல் தாண்டிப் போனவன் உன் அப்பன். அப்போது எனக்கு அது அவமானமாகப் படவில்லை. சோமனூர் பக்கம் நம் காலனியில் சைக்கிளையே அதிசயமாகப் பார்த்த காலம் போய், அந்த வருஷம்தான் ஒரு பழைய மொபெட் வாங்கியிருந்தேன். அதற்குள் ஏரோப்பிளேன் என்றால் தலைகால் புரியுமா?

அங்கே குளிரைவிட என்னை அதிகம் தொல்லை பண்ணியது சாப்பாடுதான். முதல் நாள் ரொட்டிக் கடையில் நம் முறுக்கைப் போல முடிச்சுப் போட்ட ஒரு ரொட்டியைப் பார்த்ததும் உயிர் வந்தது. கடித்தால் மேலே கல் உப்பு. இனிப்பும் இல்லை, காரமும் இல்லை. இரண்டாவது வாரம் அதுவே பழகிவிட்டது. எனக்கு மெஷின் சொல்லிக்கொடுத்தவர் வெர்னர் என்று ஒரு பெரிய உருவம், ஐம்பது வயசு இருக்கும். அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது, ஸ்பேனர் இரண்டு பேருக்கும் புரியும். ஒருநாள் மெஷினுக்கு அடியில் இரண்டு பேரும் படுத்திருந்தோம். அவர் பாதி தின்றிருந்த அந்த முடிச்சு ரொட்டியை அப்படியே பிய்த்து என் பக்கம் நீட்டினார். அவர் கையிலும் கிரீஸ், என் கையிலும் கிரீஸ். நான் வாங்கித் தின்றேன். நான் டிபனுக்கு வைத்திருந்த பொரிகடலையில் அவரும் ஒரு பிடி அள்ளினார். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டு வந்திருப்பேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மிட்டாய் வாங்கக் கடைக்குப் போனேன். கூட வந்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர், வேறு மில்லின் இஞ்சினியர். கடை என்றால் நம் ரேஷன் கடை அளவு இல்லை, ஒரு கல்யாண மண்டபம் அளவு. கிறிஸ்துமஸ் நேரம். தேன் மணக்கும் மாவுக் கேக்கை இதயம் மாதிரி வெட்டி, சர்க்கரையில் எழுத்து எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பாதாமை அரைத்துச் செய்த அல்வாவைக் குட்டிப் பன்றி மாதிரியும் பழம் மாதிரியும் உருட்டி, கண்ணாடிப் பெட்டியில் பரப்பியிருந்தார்கள். ஒன்றை ருசி பார்க்கக் கொடுத்தார்கள், நாக்கிலேயே கரைந்தது. நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, காகிதம் சுற்றிய மிட்டாயாகத் தேடித் தேடிக் கூடையில் போட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், ஓரம் பிரிந்திருக்கக் கூடாது. கோபிக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்ல நல்ல சாமானெல்லாம் அங்க கெடக்குது, நீங்க காயிதத்தப் பாத்துப் பாத்து எடுக்கறீங்களே?" என்று கேட்டார். "கெடாம இருக்குமல்லங்க" என்றேன். பொய் சொன்னேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். தீபாவளிக்குத் தீபாவளி உன் அம்மா சுடுகிற முறுக்கை நான் மில்லில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நம் ஊரில் யாரும் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "இப்பத்தானுங்க சாப்ட்டேன், ஊட்டுக்குக் கொண்டுபோயிச் சாப்ட்டுக்கறனுங்க" என்பார்கள். வேண்டாம் என்பதற்கும் ஒரு 'ங்க' போடுகிற ஊர் இது. அந்த 'ங்க'வை நம்பி மூன்று வருஷம் கொடுத்தேன். நான்காம் வருஷம், ஷிப்ட் முடிந்து வரும்போது, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன் அம்மாவின் முறுக்கு பொட்டலம் பொட்டலமாகக் கிடந்ததைப் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு எண்ணெய் விலை அதிகம், மில்லுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் கை பட்டதைத்தான் தின்னமாட்டார்கள், நம் கை படவே படாத மிட்டாயைத் தின்றுதானே ஆக வேண்டும்? மெஷின் செய்து, மெஷின் சுற்றி, சீமையிலிருந்து வந்த மிட்டாய்க்கு ஏது தீட்டு? அந்தக் கடையில் இதை யோசித்துவிட்டு, பெரிய மூளைக்காரன் என்று நானே எனக்குள் மெச்சிக்கொண்டேன். காகிதம் சுற்றாமல் வாங்கியது ஒரே ஒரு பாக்கெட். கலர் கலராகக் கண்ணாடி மாதிரி, கரடிப் பொம்மை உருவத்தில், இழுத்தால் ஜவ்வாக வரும் மிட்டாய். அது உனக்கு.

நான் கணக்குப் போட்டது பலித்தது. அதுதான் கேடு. மில்லில் பெரிய டின்னைத் திறந்து நீட்டினேன், கை கையாக வந்து விழுந்தது. பாட்டில் மாதிரி இருக்கும் சாக்லேட் ஒன்று வாங்கியிருந்தேன். உள்ளே பிராந்தி ஊற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பழனிக்கு மாலை போட்டிருந்த கிளார்க் மூன்று தின்றார். "நல்லாருக்குதுங்க, நெஞ்சுல மட்டும் சித்தக் காந்துதுங்க" என்றார். கோபிக்காரர் பிற்பாடு போனில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இன்றுவரை அந்தக் கிளார்க்குக்குத் தெரியாது, முருகன் மன்னிப்பாராக. கறுப்பாக நத்தை மாதிரிச் சுருட்டிய ஒரு மிட்டாயைக் கருப்பட்டி என்று நினைத்து வாங்கிவிட்டேன். அது ஏதோ வேரில் செய்ததாம், நாட்டு மருந்துக்கடையை மென்ற மாதிரி இருந்தது. அதையும் முகம் சுளிக்காமல் தின்றார்கள். உன் அம்மாவின் முறுக்கைச் சைக்கிள் ஸ்டாண்டில் போட்ட அதே கைகள்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆனந்தம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டியில் மில் சூப்பர்வைசர் வீட்டுக்கு உன்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் மகள் சுகன்யா உன் வகுப்பு. மஞ்சள் கவுன் போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீ முன்னால் நின்றாய். வழியெல்லாம் உனக்குப் பாடம் நடத்தினேன். "டின்ன நீட்டோணும், அவிய எடுத்துக்குவாங்க. நீ உள்ள கைய உடக் கூடாது கண்ணு, எடுத்துக் குடுக்கக் கூடாது, செரியா?" நீ, "ஏனுங்கப்பா?" என்றாய். "அதுதான் மரியாதை" என்றேன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு மரியாதை என்று நான் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

அதுவரைக்கும் அவர் வீட்டுக்கு நான் போனால் வாசலோடு சரி. "வாப்பா, என்ன?" என்பார். அன்றைக்கு, "வாங்க வாங்க, சீமைக்குப் போய்ட்டு வந்தவங்க வெளிய நிக்கலாமுங்களா?" என்று சொல்லி, ஆசாரத்துக்குள், நடுக்கூடத்துக்குள்ளேயே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த வீட்டு ஆசாரத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என் அப்பாவுக்கு அந்த மாதிரி வீடுகளில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் குவித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நுனியில்தான் உட்கார்ந்தேன் என்றாலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியை என்னிடமிருந்து எதுவும் பிடுங்கிவிடக் கூடாது என்பது தவிர என் தலையில் அப்போது வேறு ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடியே டின்னை நீட்டினாய். சூப்பர்வைசர் எடுத்தார், அவர் சம்சாரம் எடுத்தார். சுகன்யா தங்கக் காகிதம் சுற்றிய உருண்டைச் சாக்லேட் ஒன்றை எடுத்தாள். அவளுக்குப் பிரிக்க வரவில்லை. நகத்தால் சுரண்டினாள், பல்லால் இழுத்தாள். நீ டின்னைக் கீழே வைத்துவிட்டு, "இங்க குடு புள்ள" என்று அவள் கையிலிருந்து வாங்கி, லேசாகத் திருகிப் பிரித்தாய். காகிதத்தைக் கீழே போட்டாய். சாக்லேட்டை இரண்டு விரலில் பிடித்து அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாய். அவள் வாயைத் திறந்துவிட்டாள், அம்மணி. அதை நான் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது.

உன் கையை நான் தட்டிவிட்டேன். "தொட்டுப்போட்டயே!" என்று கத்தினேன். எழுந்து, டின்னிலிருந்து பிரிக்காத ஒன்றைத் தேடி எடுத்து, காகிதத்தின் நுனியைப் பிடித்து சுகன்யாவிடம் கொடுத்தேன். சூப்பர்வைசரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோணுமுங்க, சின்னப்புள்ளைங்க, தெரியாமச் செஞ்சுபோட்டா" என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார். அவர் சம்சாரம்தான், "புள்ளைங்கதானுங்க, உடுங்க" என்றார். அந்த அம்மாள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பிள்ளைகள் தின்னட்டும் விடுங்கள் என்றா, தெரியாமல் செய்த தப்பு போகட்டும் விடுங்கள் என்றா? நான் அரை நிமிஷம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் தீட்டு என்று ஒரு சொல் வரவில்லை. சொன்னவன் நான்.

கீழே விழுந்த சாக்லேட்டை நீ எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாய். வீடு வரும்வரை கையைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் உன் அம்மா கையைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளங்கை முழுக்கச் சாக்லேட், மஞ்சள் கவுனிலும் சாக்லேட். என்ன ஆச்சு என்று அவள் கேட்க, நான் ஏதோ பெரிய சங்கடத்திலிருந்து தப்பி வந்தவன் மாதிரி நடந்ததைச் சொன்னேன். அவள் உன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அவிய செய்யறத அவிய செய்யட்டுமுன்னு உட்டிருக்கலாமல்லங்க? அதையுமா நீங்களே செஞ்சுபோட்டு வந்தீங்க?" அப்புறம் இன்னொன்றும் சொன்னாள், அதுதான் என்னைக் கொன்றது. பள்ளிக்கூடத்தில் நீயும் சுகன்யாவும் இரண்டு வருஷமாக ஒரே கொய்யாப்பழத்தைக் காக்காய்க்கடி கடித்துத் தின்கிறவர்களாம். காக்காய்க்கடிக்கு எல்லாப் பிள்ளைகளும் பாவாடைத் துணியைச் சுற்றிக் கடிப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் துணிகூடச் சுற்றமாட்டீர்களாம்.

எனக்கு இது தெரியாது. என் மகளின் கை யார் வாய்வரைக்கும் போகலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் ஏற்கனவே முடிவு செய்துவிட்டிருந்தீர்கள். ஊரே முடிக்க முடியாத வழக்கை ஒரு கொய்யாப்பழத்தில் முடித்துவிட்டிருந்தீர்கள். நான் போய் அதை மறுபடியும் திறந்துவைத்தேன். உன் கையில் ஏதோ இருக்கிறது என்று சுகன்யாவுக்கு அதுவரை தெரியாது. அவள் அப்பன் சொல்லிக்கொடுக்கவில்லை, உன் அப்பன் சொல்லிக்கொடுத்தான். அடுத்த வாரம் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்று உன் அம்மா சொன்னாள். கரடி மிட்டாய்ப் பாக்கெட்டை நீ பிரிக்கவே இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்து, ஒரே கட்டியாகி, வெள்ளையடிக்கும்போது எறும்போடு எடுத்துப் போட்டேன்.

அதன் பிறகு பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன், பார்க்காத மாதிரி. உன் பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுக்கத் தட்டு வேண்டும் என்று அடம்பிடித்தாய். யாருக்காவது பிஸ்கட் கொடுத்தால் காகிதத்தின் மேல் வைத்து நகர்த்துவாய். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தால் ஸ்பூனில். போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டு நாள் தயிர்சாதம் ஊட்டினாயே, எட்டு நாளும் கரண்டிதான். உன் அம்மா வந்தால் கையால் பிசைந்து உருட்டிக் கொடுப்பாள். நீ கரண்டியோடு கிட்டே வரும்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்குக் கண் நிறையும். தையல் வலிக்குதாப்பா என்று கேட்பாய். ஆமாம் என்பேன்.

எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்லி உன் மனசு உடைவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் அடி குறைவாக இருக்கும், பெற்றவன் கையால் பட்டால் வலிக்காது என்பது அந்த நியாயம். அப்பட்டமான பொய். நான் பயந்தது உனக்காக இல்லை, அந்த நாற்காலிக்காக. அந்த 'வாங்க'வுக்காக. அந்த 'வாங்க' எத்தனை நாள் வந்தது தெரியுமா? புது மெஷின் ஓட ஆரம்பித்து, அதன் வேலை எல்லோருக்கும் பழகும்வரை. பொங்கல் கழிந்து நான் போனபோது பழையபடி "வாப்பா, என்ன?" என்றார். வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்தேன். அதற்காக உன் கையைக் கொடுத்திருக்கிறேன்.

நீ வேறு வீட்டுக்குப் போகிறாய். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் என்றால் ஒன்றாவது சொல்லித்தானே ஆக வேண்டும். யாராவது உன்னை வேண்டாம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அது அவர்கள் வாய். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது யார் வாய்க்காவது எதையாவது கொண்டுபோனால், நீ பக்கத்தில் சும்மா நில். அரை நிமிஷம் போதும். நான் நிற்காத அந்த அரை நிமிஷம். அடுத்த மாதம் தாலி கட்டி முடிந்ததும் பாலும் பழமும் கொடுக்கச் சொல்வார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், போட்டோக்காரர் வேறு நிற்பார். வாழைப்பழத்தை உன் கையால் உரித்து, உன் விரலால் கிள்ளி, மாப்பிள்ளை வாயில் வை. அவர் நல்ல பையன், அன்றைக்கே வாயைத் திறந்துகொண்டுதான் நின்றார்.

ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் ஒரு கடிதத்தில் போகாது என்று எனக்கும் தெரியும். அதனால் நேற்று காந்திபுரம் போனேன். அந்தத் தங்கக் காகித உருண்டைச் சாக்லேட் இப்போது நம் ஊர்க் கடையிலேயே குவிந்து கிடக்கிறது. ஒன்றே ஒன்று வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். "உங்களுக்கு இனிப்பு ஆகாதுங்க" என்று உன் அம்மா சத்தம் போட்டாள். யாருக்கு, எதற்கு என்று சொன்னேன். அதைக் கிண்ணத்தில் போட்டு மேல் தட்டில் எடுத்து வைத்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா, கண்ணு. ஸ்பூன் எடுக்காதே, காகிதம் எடுக்காதே. நீயே பிரி. கீழே விழுந்ததை நீ கைக்குள் மூடிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு அந்த ஆசாரத்தில், அத்தனை பேர் முன்னால், நான் குனிந்து அதை உன் விரலிலிருந்து தின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா